கோலைப் பெருக்க வந்த விதிகள்: மலேசிய ஹாக்கி வழியாக ஒரு வரலாற்றுப் பார்வை

2018 செப்டம்பர் 1 அன்று ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் ஹாக்கி இறுதி ஆட்டம் நடந்தது. மலேசியாவும் ஜப்பானும் மோதின. முழு நேரம் முடிந்தபோது பலகையில் இருந்த எண் 6-6. மூன்று கோல் முன்னிலை வரை போன மலேசியா, கடைசி நேரத்தில் சமநிலைக்கு இறங்கி, ஷூட்-அவுட்டில் 3-1 என்று தோற்றது. தங்கத்தோடு தோக்கியோ ஒலிம்பிக்கின் நேரடி நுழைவும் கைநழுவியது.

இதற்கு 43 ஆண்டுகள் முன்பு, 1975 மார்ச்சில், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கின் புல்தரையில் உலகக் கிண்ண அரையிறுதியில் மலேசியா இந்தியாவை எதிர்கொண்டது. கூடுதல் நேரமும் சேர்ந்து அந்த ஆட்டத்தில் விழுந்தவை ஐந்து கோல்கள். இந்தியா 3-2 என்று வென்றது.

இரண்டு ஆட்டங்களை மட்டும் வைத்து ஒரு விளையாட்டின் போக்கைத் தீர்மானிக்க முடியாது. ஆயினும் இவ்விரண்டுக்கும் நடுவே ஹாக்கியின் விதிநூல் மாறிய அளவுக்கு வேறு எந்தப் பெரிய குழு விளையாட்டின் விதிநூலும் மாறவில்லை என்றே சொல்ல வேண்டும். கோல் கூட வேண்டும், ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், தொலைக்காட்சியில் பார்ப்பவர் எழுந்து போகக் கூடாது என்ற எண்ணங்கள் அந்த மாற்றங்கள் பலவற்றின் பின்னால் இருந்தன. அவற்றில் எவை உண்மையிலேயே கோலைக் கூட்டின, எவை கூட்டுவதுபோல் காட்டின என்பதை மலேசிய ஹாக்கியைச் சாளரமாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதே கேள்வியோடு நெடுங்காலம் மல்லாடிய வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியும் தேவையான இடத்தில் ஒப்பீட்டுக்கு வரும்.

புல்தரைக் காலம்

1975 அணியின் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். மகேந்திரன், பாலசிங்கம் போன்ற தமிழர்களும், சீனர், மலாய்க்காரர், சீக்கியர், யூரேசியர் என்று எல்லாரும் கலந்த அணி அது. மலேசியாவில் ஹாக்கி ஆங்கிலப் பள்ளிகள், காவல்துறை, இரயில்வே, அரசுப் பணிகள் வழியாக வேரூன்றிய விளையாட்டு. தோட்டத் திடல்களில் காற்பந்துக்கு இருந்த இடம் ஹாக்கிக்கு இல்லை. மட்டை வாங்கப் பணம் வேண்டும், சமமான தரை வேண்டும். பட்டர்வொர்த்துக்கு வடக்கே, கெடா எல்லையை நோக்கிப் போகும் வழியில், நெல் வயல்களும் பழைய ரப்பர் தோட்டங்களும் சூழ்ந்த கெப்பாலா பத்தாஸ் போன்ற ஊர்களில் ஹாக்கி பள்ளித் திடலைத் தாண்டி அதிகம் வெளியே வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த அரையிறுதி எப்படி முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்டம் முடியும் தறுவாயில் மலேசியா 2-1 என்று முன்னால் நின்றது. ஒரு பெனால்டி கார்னரில் அஸ்லம் ஷேர் கான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றிக் கோலை அடித்தார். பாகிஸ்தானுக்கு எதிரான இறுதி ஆட்டத்தையும் இந்தியா 2-1 என்று வென்றது. அதில் ஒரு கோல் சுர்ஜித் சிங்கின் பெனால்டி கார்னர், மற்றொன்று தியான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்தது. ஓடும் ஆட்டத்தில் கோல் வருவது அரிதாகும்போது, ஆட்டத்தின் தலைவிதி நிறுத்தி ஆடும் பந்தின் கைக்குப் போய்விடுகிறது என்பது அப்போதே தெரிந்த உண்மை.

கோல் ஏன் அரிது? பெரிய காரணம் ஆஃப்சைட் விதி. பந்து அனுப்பப்படும் கணத்தில் முன்கள ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்பது பழைய கட்டு. 1972-இல் அது இருவராகக் குறைந்தது. தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் சரியான கணத்தில் ஓரடி முன்னே எடுத்து வைத்தால் போதும், நன்றாகக் கட்டிய ஒரு தாக்குதல் விசில் சத்தத்தில் செத்துவிடும். 1987-இல் இந்த விதி 25 கெஜப் பகுதிக்குள் மட்டும் செல்லும் என்று சுருங்கியது. 1996-இல் ஆஃப்சைட் இல்லாத ஆட்டம் சோதனையாகத் தொடங்கி, 1998-இல் விதி விதிநூலிலிருந்தே அகற்றப்பட்டது.

என் பார்வையில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் கோலுக்காகச் செய்யப்பட்ட மாற்றங்களில் மிகத் துணிச்சலானது இதுவே. காற்பந்து நூறாண்டுகளுக்கு மேலாக நீக்கத் தயங்கும் ஒன்றை ஹாக்கி படிப்படியாகத் தளர்த்தி, கடைசியில் முழுவதுமாகத் தூக்கிப் போட்டது.

இங்கே ஐஸ் ஹாக்கியின் அனுபவம் நேர் எதிராக இருப்பது சுவையானது. 1928-29 பருவத்தில் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி மூன்று கோல்கூட விழவில்லை. மொன்றியால் அணியின் கோல் காவலர் ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த் 44 ஆட்டங்களில் 22-ஐ ஒரு கோலும் விடாமல் முடித்தார். பயந்துபோன லீக் அடுத்த பருவத்தில் மூன்று பகுதிகளிலும் முன்னோக்கி வட்டைக் கடத்த அனுமதித்தது. கோல் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆனால் ஆட்டக்காரர்கள் எதிரணிக் கோல் வாயிலிலேயே போய்க் குந்திக்கொண்டார்கள். 1929 டிசம்பரில், பருவத்தின் நடுவிலேயே, வட்டுக்கு முன்னால் தாக்குதல் பகுதிக்குள் நுழையக் கூடாது என்ற கட்டைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

திடல் ஹாக்கியில் ஆஃப்சைட்டை எடுத்த பிறகும் அப்படி ஒரு குழப்பம் வரவில்லை. காரணம், 14.63 மீட்டர் ஆரமுள்ள அந்த அடிவட்டம். வட்டத்துக்குள் தாக்கும் அணியினரின் மட்டை பட்டால்தான் கோல் என்ற பழைய விதி அப்படியே இருந்தது. கோல் வாயிலில் ஒருவர் சும்மா நின்றாலும், பந்து அவரிடம் வந்து சேரும் வழி குறுகலானது. ஒரு விதியை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பது, அதன் பக்கத்தில் நிற்கும் மற்ற விதிகளைப் பொறுத்தது. ஒரு விளையாட்டின் மருந்தை இன்னொரு விளையாட்டுக்கு அப்படியே கொடுக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

தரை மாறியபோது

விதிநூலில் எழுதப்படாத மாற்றம் ஒன்று விதிகளைவிடப் பெரிய வேலை செய்தது. 1976 மொன்றியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. ஓராண்டு முன்பு உலகக் கிண்ணத்தை வென்ற இந்தியா ஏழாம் இடத்துக்கும், அதே கிண்ணத்தில் நான்காம் இடம் பெற்ற மலேசியா எட்டாம் இடத்துக்கும் சரிந்தன. தங்கம் நியூசிலாந்துக்கு, வெள்ளி ஆஸ்திரேலியாவுக்கு.

புல்தரையில் பந்து குதிக்கும், திசை மாறும். அதைக் கட்டுப்படுத்தும் மணிக்கட்டுத் திறமை ஆசியர்களின் சொத்தாக இருந்தது. செயற்கைத் தரையில் பந்து நேராக, வேகமாக வரும். ஓட்டமும் உடல் வலுவும் நீண்ட கடத்தலும் விலைபெற்றன. பெனால்டி கார்னரில் பந்தைத் தள்ளுவது, நிறுத்துவது, அடிப்பது ஆகிய மூன்றும் கணக்காக அமைந்தன. நெதர்லாந்தின் பால் லிட்யன்ஸ் போன்ற அடிப்பாளர்கள் கோல்களைக் குவிக்கத் தொடங்கிய காலம் இது.

கோலைப் பெருக்க யாரும் செயற்கைத் தரையைக் கொண்டுவரவில்லை. ஆனால் பெனால்டி கார்னரை ஒரு தனிக்கலையாக மாற்றியது அதுதான். இன்னொரு பக்கம், வசதியில்லாத நாடுகளையும், ஒரே நாட்டுக்குள் வசதியில்லாத ஊர்களையும் அது வெளியே தள்ளியது. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் நல்ல அரங்கங்கள் எழுந்தன. 1983-இல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணம் ஈப்போவை உலக ஹாக்கி நாள்காட்டியில் ஏற்றியது. பள்ளியில் புல்லிலும் மண்ணிலும் மட்டை பிடித்த சிறுவன் அந்தத் தரையில் கால் வைத்தால், விளையாட்டையே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

பெனால்டி கார்னர்: பாதுகாப்பு விதி பெற்ற பிள்ளை

1908-இல் விதிநூலில் நுழைந்த பெனால்டி கார்னர்தான் ஹாக்கியின் முதல் கோல் பெருக்கும் ஏற்பாடு. வட்டத்துக்குள் தற்காப்பாளர் செய்யும் தவறுக்குத் தண்டனையாக, தாக்கும் அணிக்கு ஓர் ஆயத்த வாய்ப்பு. இன்றைய விதிப்படி கோல் காவலரைச் சேர்த்து ஐவர் மட்டுமே தற்காக்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும்.

பலமான அடிகள் தற்காப்பாளர்களின் முகத்தையும் நெஞ்சையும் குறிவைத்தபோது, முதல் அடி மட்டையை ஓங்கி அடிக்கும் அடியாக இருந்தால் பந்து கோலின் பின்பலகை உயரமான 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. ஆனால் அந்தக் கட்டு ஓங்கி அடிப்பதற்கு மட்டுமே. மட்டையின் வளைவில் பந்தை ஏந்தி, உடலை முறுக்கி, இழுத்து வீசினால் எவ்வளவு உயரமும் போகலாம். இந்தச் சிறு இடைவெளியில் பிறந்ததுதான் டிராக் ஃபிளிக். ஆபத்தைக் குறைக்க எழுதிய விதி, கோல் காவலரின் தலைக்கு மேல் மூலையில் பாயும் பந்தைப் பெற்றெடுத்தது. பாகிஸ்தானின் சொகைல் அப்பாஸ் இந்த ஒரே ஆயுதத்தை நம்பி 348 சர்வதேசக் கோல்கள் அடித்தார்.

மலேசியாவும் இந்த ஓட்டத்தில் பின்தங்கவில்லை. ரஸி ரஹிம் போன்ற டிராக் ஃபிளிக் வல்லுநர்களை அது உருவாக்கியது. 2023 ஆகஸ்டில் சென்னை மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கிண்ண இறுதியில் இந்தியாவுக்கு எதிராக மலேசியா இடைவேளையில் 3-1 என்று முன்னிலை வகித்தது. மூன்றாம் கால்பகுதியின் கடைசி நிமிடத்தில் ஹர்மன்பிரீத் சிங்கும் குர்ஜந்த் சிங்கும் அடுத்தடுத்துக் கோலடித்துச் சமன் செய்தார்கள். முடிவு 4-3, இந்தியாவுக்கு. மலேசியாவுக்கு முன்னிலையைக் காப்பாற்றத் தெரியவில்லை என்பது எளிய விமர்சனம். இன்றைய விதிகள் எந்த முன்னிலையையும் பாதுகாப்பற்றதாக்கிவிட்டன என்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெனால்டி கார்னரின் வெற்றிக்கு ஒரு விலை உண்டு. வட்டத்துக்குள் நுழைந்த முன்கள ஆட்டக்காரர் கோலைப் பார்ப்பதைவிடத் தற்காப்பாளரின் காலைப் பார்க்கத் தொடங்கினார். பந்தைக் காலில் தட்டி ஒரு பெனால்டி கார்னர் வாங்குவது, கோலை நோக்கி அடிப்பதைவிட இலாபமான காரியமாயிற்று. கோல் எண்ணிக்கை கூடியது, கோலின் அழகு குறைந்தது என்று பழைய ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது.

கணக்கை மாற்றிப் பார்த்தவர்கள்

இந்த முணுமுணுப்புக்கு வந்த பதில்களில் வெளிப்படையானது ஹாக்கி இந்தியா லீக் 2016-இல் செய்தது. ஓடும் ஆட்டத்தில் அடிக்கும் கள கோலுக்கு இரண்டு, பெனால்டி கார்னர் கோலுக்கு ஒன்று. அந்த ஆண்டு இறுதியில் பஞ்சாப் வாரியர்ஸ் கலிங்கா லான்சர்ஸை 6-1 என்று வென்றதாகப் பதிவு. பழைய கணக்கில் அது 3-1. பலகை எண் பெருத்தது, பந்து வலைக்குள் போன தடவைகள் பெருக்கவில்லை.

கள கோலுக்கு மதிப்புக் கூட்டினால் அணிகள் தாக்கும் என்பது கணிப்பு. எதிர்மறை விளைவும் உண்டு. ஒரே கோலில் இரண்டு பின்தங்கும் பயம் வந்தால் தற்காப்பும் இறுகும். சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பு இந்த முறையைத் தன் உலகப் போட்டிகளுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அந்த முடிவு சரியானது என்றே கருதுகிறேன். ஐம்பது ஆண்டுப் பதிவுகளோடு ஒப்பிட முடியாத எண் ஒரு விளையாட்டின் நினைவையே அறுத்துவிடும்.

இன்னொரு சோதனை அதைவிடச் சீக்கிரம் மடிந்தது. 2013 தொடக்கத்தில், வட்டத்துக்கு வெளியிலிருந்து தாக்கும் அணி அனுப்பிய பந்து தற்காப்பாளர் மேல் பட்டு வலைக்குள் போனாலும் கோல் என்று விதி மாறியது. வட்டத்துக்குள் கண்மண் தெரியாமல் பந்தை ஓங்கி அடிக்கும் போக்குக்கு அது வழிவிடும் என்ற அச்சம் எழுந்தது. சில வாரங்களிலேயே விதி திரும்பப் பெறப்பட்டது.

2011-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் அணிக்கு ஒன்பது பேரை வைத்து ஆடி, கோலின் அகலத்தையும் ஒரு மீட்டர் கூட்டிப் பார்த்தார்கள். ஆள் குறைந்தால் இடம் கூடும், இடம் கூடினால் கோல் கூடும் என்பது இதன் அடிப்படை. ஐஸ் ஹாக்கியின் தேசிய ஹாக்கி லீக் கூடுதல் நேரத்தில் முதலில் நால்வராகவும், 2015-16 முதல் மூவராகவும் ஆட்களைக் குறைத்ததன் பின்னாலும் இதே அறிவுதான். கோலின் அளவை மாற்றும் யோசனை மட்டும் எந்த ஹாக்கியிலும் முழுமையாக வேரூன்றவில்லை. 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம் என்ற சட்டகம் ஆட்டக்காரரின் கண்ணில் பதிந்துபோனது. அதைத் தொட்டால் எல்லாரும் எதிர்க்கிறார்கள்.

ஓட்டத்தைத் திறந்துவிட்ட சிறு மாற்றங்கள்

பெரிய அறிவிப்பில்லாமல் வந்து நிலைத்தவை வேறு. 1992-இல் வரம்பில்லாத மாற்று ஆட்டக்காரர் முறை, 2009-இல் ஃப்ரீ ஹிட்டைத் தனக்குத்தானே தட்டி ஓடும் உரிமை, பச்சை அட்டைக்கு இரண்டு நிமிட வெளியேற்றம், பிறகு 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள். இவற்றுள் தானே தட்டி ஓடும் உரிமையின் பங்கு அளவிட முடியாதது. முன்பு ஃப்ரீ ஹிட் கிடைத்தால் தற்காப்பு அணி ஒழுங்குபடுத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். இன்று விசில் ஊதி முடிவதற்குள் பந்து நகர்ந்துவிடுகிறது. களைத்த கால்களை மாற்ற வெளியே ஆள் காத்திருப்பதால் வேகமும் குறைவதில்லை. 6-6 போன்ற ஆட்டங்கள் இந்த மண்ணில்தான் முளைக்கின்றன.

2004-05 பருவம் முழுவதும் தொழில் தகராறில் மூடிக்கிடந்த தேசிய ஹாக்கி லீக், திறக்கும்போது இதே வகை வேலையைச் செய்தது. நடுச் சிவப்புக் கோட்டைத் தாண்டும் நீண்ட கடத்தலுக்கு இருந்த தடை நீங்கியது. கோல் காவலரின் காப்புக் கவசம் சிறுத்தது. பிடித்து இழுப்பதை நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டித்தார்கள். ஆட்டத்துக்கு ஐந்தை ஒட்டியிருந்த சராசரி ஆறைத் தொட்டது. பிறகு நடுவர்களின் கண்டிப்புத் தளர, எண்ணிக்கையும் மெல்ல இறங்கியது. எழுதிய விதியைவிட ஊதும் விசில்தான் கோலைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது பாடம்.

ஐவர் ஹாக்கியும் மலேசியாவும்

மேலே சொன்ன எல்லாக் கருத்துகளும் ஒன்றுசேர்ந்த இடம் ஐவர் ஹாக்கி. சிறிய திடல், அணிக்கு ஐந்து பேர். அடிவட்டக் கட்டு இல்லை, பெனால்டி கார்னர் இல்லை. பதிலாக, கோல் காவலரை ஒற்றைக்கு ஒற்றையாகச் சந்திக்கும் வாய்ப்பு. 2014 நான்ஜிங் இளையோர் ஒலிம்பிக்கில் அறிமுகமான இவ்வடிவத்தில் மலேசியாவின் பதிவு பலரும் நினைப்பதைவிடச் செழிப்பானது. 2018 புவனோஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் மலேசியச் சிறுவர்கள் இறுதியில் இந்தியாவை 4-2 என்று வீழ்த்தித் தங்கம் வென்றார்கள். 2024-இல் மஸ்கட்டில் நடந்த முதல் ஐவர் உலகக் கிண்ணத்தில் மலேசிய ஆண்கள் அணி இறுதிவரை சென்று நெதர்லாந்திடம் தோற்றது.

பதினொருவர் ஆட்டத்தில் மலேசியா 2000 சிட்னிக்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஆடியதில்லை. ஜகார்த்தாவில் வாயில் மூடிய பின், 2019-இல் பிரிட்டனுக்கு எதிரான தகுதிச் சுற்றின் இரண்டு ஆட்டங்களிலும் 4-1, 5-2 என்று தோற்றது. அந்தத் தோல்விகளை ஒருபுறமும், ஐவர் ஆட்டத்தின் வெற்றிகளை மறுபுறமும் வைத்துப் பார்த்தால், மலேசிய ஆட்டக்காரரின் இயல்பான வலிமை எங்கே இருக்கிறது என்பது தெரிகிறது. குறுகிய இடத்தில் பந்தைக் கட்டுப்படுத்துவது, சட்டென்று திரும்புவது, அருகிலிருந்து முடிப்பது. புல்தரைக் காலத்தில் ஆசியா போற்றிய அதே மணிக்கட்டு வித்தைக்கு ஐவர் ஹாக்கியின் விதிகள் மறுபடியும் இடம் கொடுத்திருக்கின்றன.

பாரம்பரியவாதிகள் ஐவர் ஹாக்கியைச் சர்க்கஸ் என்கிறார்கள். 1975-ஐ நேரில் பார்த்த தலைமுறைக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. இருந்தும், கோலைப் பெருக்க வந்த அரை நூற்றாண்டு முயற்சிகளில் நிலைத்தவை ஆஃப்சைட் நீக்கம், தானே தட்டி ஓடுதல் போன்று தடையை எடுத்தவை. மடிந்தவை இரட்டைக் கோல், தற்காப்பாளர் மேல் பட்ட பந்துக்குக் கோல் போன்று கணக்கில் கை வைத்தவை. ஐவர் ஹாக்கி முதல் வகையைச் சேர்ந்தது. வட்டம், கார்னர், ஆள் கூட்டம் என்று தடைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய் அது தன் கோல்களைப் பெற்றது.

கெப்பாலா பத்தாஸ் அடங்கிய வட செபராங் பிறையின் பள்ளிகளுக்கு இதில் ஒரு நடைமுறைப் பயன் இருக்கிறது. முழு அளவுச் செயற்கைத் திடலுக்கு 91.40 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் வேண்டும், அதைப் பராமரிக்கப் பெரும் பணமும் வேண்டும். ஐவர் திடலுக்கு அதில் ஏறக்குறைய பாதி இடம் போதும். பதினொருவரைத் திரட்ட முடியாத சிறிய தமிழ்ப்பள்ளியும் ஐவரைத் திரட்டிவிடும். பினாங்கு மாநில ஹாக்கி நிர்வாகமும் கல்வித் துறையும் கெப்பாலா பத்தாஸ், தாசேக் குளுகோர், பெனாகா வட்டாரப் பள்ளிகளுக்கிடையே ஆண்டுதோறும் ஓர் ஐவர் ஹாக்கிப் போட்டியை நடத்த முன்வர வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அதைக் கேட்டு எழுதத் தொடங்கலாம்.